அந்த எல்ஈடி பல்பைக் கழற்றுங்கள்

பழைய ஹலோஜன் ஹெட்லைற்றுக்குள் ஐம்பது டொலர் எல்ஈடி பல்பைச் செருகுவதற்கு எங்கள் பெடியள் வைத்திருக்கும் பெயர் அப்கிரேட். அந்தப் பெயரோடு சண்டை பிடிக்கத்தான் இந்தப் பதிவு. எதிரே வருகிறவரின் பார்வையைப் பறித்து உங்கள் காரைப் புதுசாகக் காட்டுகிற வேலை அது. மாட்டியிருந்தால் கழற்றுங்கள். வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஏன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் மிச்சம்.

இரவில் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் எந்தப் பிழையும் இல்லை. என்னுடையது 2011 சிவிக். அதற்கும் ஹலோஜன்தான். மொன்றியலில் டிசம்பர் மாதம் பின்னேரம் நாலேகாலுக்கே சூரியன் போய்விடும். றோட்டில் போடும் உப்பும் சேறும் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். ரொறொன்ரோவில் கல்யாணம் என்றால் 540 கிலோமீற்றர் ஓட வேண்டும். கோர்ன்வோலைத் தாண்டி கிங்ஸ்ரன் வரைக்கும் 401இல் தெருவிளக்கு இல்லாத இடங்கள் எத்தனை என்று ஓடியவர்களுக்குத் தெரியும். மான் எந்தப் பக்கத்தால் பாயும் என்று பயந்துகொண்டு ஓடியவன்தான் நானும். ஆகவே "உனக்கென்ன தெரியும்" என்று என்னிடம் வராதீர்கள். வெளிச்சம் வேண்டும், சரி. அதை எங்கே விழுத்துகிறீர்கள் என்பதுதான் என்னுடைய கேள்வி.

கூடும் பல்பும் ஒரு சோடி

ஹெட்லைற் என்றால் பல்ப் மட்டும் என்று நினைக்கிறோம். பின்னால் ஒரு பளபளப்பான கிண்ணம் இருக்கிறது, அதுதான் ரிஃப்ளெக்டர். முன்னால் ஒரு பிளாஸ்ரிக் மூடி. நடுவில் பல்ப். மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துத்தான் செய்கிறார்கள்.

ஹலோஜன் பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையின் நீளம் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். அது ஒரு குட்டி உருளை மாதிரி எல்லாப் பக்கமும் சமமாக ஒளிரும். அந்த இழை இருக்கும் இடத்தை மையமாக வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு துண்டின் வளைவையும் என்ஜினியர் கணக்குப் பார்த்திருப்பார். இந்தத் துண்டு தூரத்து றோட்டுக்கு, அந்தத் துண்டு வலப்பக்கக் கரைக்கு, எதிரே வருகிறவரின் கண்ணுக்கு மட்டும் எதுவும் போகக்கூடாது. இழை அரை மில்லிமீற்றர் தள்ளி இருந்தாலே இந்தக் கணக்குக் குழம்பத் தொடங்கிவிடும்.

இப்போது நீங்கள் வாங்கிய எல்ஈடி பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு உலோகத் தகடு. அதன் இரண்டு பக்கமும் மஞ்சள் நிறச் சதுரச் சில்லுகள். பின்பக்கம் ஒரு குட்டி விசிறி. வெளிச்சம் இரண்டு பக்கமாகத்தான் அடிக்கும். தகட்டின் விளிம்புப் பக்கம் மங்கல். உருளைக்காகச் செய்த கிண்ணத்துக்குள் இப்படி ஒரு தட்டையைச் செருகுவது, ஒரு கணக்கின் விடையைக் கொண்டுபோய் இன்னொரு கணக்குக்குக் கீழே எழுதுவது மாதிரி. விடை எவ்வளவு அழகான எழுத்தில் இருந்தாலும் பிழை பிழைதான்.

இதனால் என்ன நடக்கும்? ஒழுங்கான லோ பீமை ஒரு சுவரில் அடித்தால் ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. கனடாவில் நாங்கள் வலப்பக்கம் ஓடுவதால் அந்தக் கோடு வலப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும், இடப்பக்கம் தாழ்ந்திருக்கும். எதிரே வருகிறவர் இடப்பக்கம்தானே வருகிறார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஜப்பானிலும் இது மறுவளம். ஜப்பானிலிருந்து ஸ்டைலுக்காக ஹெட்லைற் இறக்கி மாட்டுகிறவர்கள் இந்த ஒரு வசனத்தை இரண்டாம் தரம் வாசியுங்கள். அந்த லைற் உயர்த்தி அடிக்கும் பக்கம், இங்கே எதிரே வருகிறவரின் முகம்.

பிழையான பல்பைச் செருகினால் அந்தக் கோடு கலங்கிப்போகும். கோட்டுக்கு மேலே இருக்க வேண்டிய இருட்டுக்குள் வெளிச்சம் கசியும். கசிவு கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் ஒரே ஒரு பாகை மேலே போனால், 50 மீற்றர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். உங்கள் பம்பர் உயரத்தில் புறப்பட்ட வெளிச்சம் எதிரே வருகிற கொரோலாவின் ஸ்ரேரிங்குக்கு மேலே, ஓட்டுகிறவரின் கண்ணில் போய் நிற்கும்.

"எனக்கு நல்லாத் தெரியுதே மச்சான்"

இதுதான் முதல் பதில். உண்மையில் இது ஒரு ஏமாற்று, கண் செய்கிற ஏமாற்று.

எல்ஈடி பல்பை மாட்டியவுடன் காருக்கு முன்னால் பத்து, பதினைந்து மீற்றர் றோட்டு வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுகிறீர்கள். ஆனால் கிட்ட இருக்கும் இடம் அளவுக்கு மிஞ்சி வெளிச்சமாக இருந்தால் கண்மணி சுருங்கும். சுருங்கிய கண்ணுக்குத் தூரத்து இருட்டு இன்னும் இருட்டு. 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிற கார் ஒரு செக்கனில் 28 மீற்றர் போய்விடும். அந்தப் பளிச்சென்ற பதினைந்து மீற்றரை நீங்கள் தாண்டி முடிக்க அரைச் செக்கன் போதும். அதற்குள் மானைக் கண்டு பிரேக் பிடிக்க யாராலும் முடியாது. வேண்டியது தூரத்து வெளிச்சம். ஒழுங்கான ஹெட்லைற்றில் நடுவில் ஒரு செறிவான இடம் இருக்கும், அதுதான் தூரத்துக்குப் போகும். பிழையான பல்ப் முதலில் குலைப்பது அந்தச் செறிவைத்தான். "எனக்குப் புரொஜெக்டர் லைற், கோடு நேராத்தான் இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கோடு நேராக இருக்கலாம், தூரம் குறைந்திருக்கும்.

லூமென் கணக்கும் ஒரு வியாபாரக் கதை. எச்11 ஹலோஜன் பல்புக்கு நியமம் 1350 லூமென். எச்7க்கு 1500. கடைப் பெட்டியில் 20,000 லூமென் என்று போட்டிருக்கிறான். ஐரோப்பிய விதிகளில் 2000 லூமெனுக்கு மேற்பட்ட லோ பீம் என்றால், பாரத்துக்கு ஏற்ப லைற் தானாகத் தாழ வேண்டும், லென்ஸைக் கழுவும் கருவியும் இருக்க வேண்டும். ஏன்? அவ்வளவு பலமான வெளிச்சம் கொஞ்சம் தூக்கி அடித்தாலும், அழுக்கில் பட்டுச் சிதறினாலும், எதிரே வருகிறவர் குருடாவார் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் சிவிக்கில் இரண்டில் எது இருக்கிறது? பெட்டியில் போட்ட இலக்கம் உண்மை என்றால் நீங்கள் ஓட்டுவது ஆபத்து. பொய் என்றால் உங்களை ஏமாற்றிவிட்டார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நீங்கள் வென்றதாகத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம், இந்த நாட்டுக்கே உரியவை.

ஒன்று, ஸ்னோ. ஹலோஜன் பல்ப் தின்னும் மின்சாரத்தில் பெரும் பங்கு வெப்பமாகத்தான் வெளியே போகும். வீண் என்று சொல்வோம். ஜனவரியில் அந்த வீண் சூடுதான் லென்ஸில் ஒட்டும் ஸ்னோவை உருக்குகிறது. எல்ஈடியின் சூடு பின்பக்க விசிறியால் என்ஜின் பக்கம் போய்விடும். லென்ஸ் குளிர்ந்தபடியே இருக்கும். ஸ்னோ கொட்டும்போது 40ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு இறங்கிப் பாருங்கள். உங்கள் 20,000 லூமெனுக்கு மேலே ஒரு ஐஸ் தட்டு ஒட்டியிருக்கும்.

இரண்டு, பகல் விளக்கு. 1989 டிசம்பர் 1க்குப் பிறகு தயாரித்துக் கனடாவில் விற்கும் கார்களுக்குப் பகலில் தானாக எரியும் விளக்குக் கட்டாயம். பழைய ஹொண்டா, ரொயோற்றா பலதில் அதற்கென்று தனி விளக்குக் கிடையாது. ஹை பீம் பல்புக்கே மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்து மங்கலாக எரிய விடுவார்கள். அந்த இடத்தில் எல்ஈடியை மாட்டினால், மின்சாரம் குறைந்ததை அது ஒழுங்காக விளங்கிக்கொள்ளாது. ஒன்றில் டிஸ்கோ மாதிரி மினுங்கும். அல்லது பட்டப்பகலில் முழு ஹை பீம் மாதிரி எரியும். வீதியில் முன்னால் போகிறவர் ஏன் கண்ணாடியைத் திருப்புகிறார் என்று உங்களுக்கு விளங்காது.

எதிரே வருகிறவர் யார்?

எதிரே வருகிற காரில் யாரோ இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள். பார்க் எக்ஸ்ரென்ஷனில், கோத்-டெ-நேஜில், பியர்ஃபொன்னில் ஓடுகிறீர்கள் என்றால் அது யாரோ இல்லை. இரவு வேலை முடித்து வரும் ஒருவரின் அப்பா. பன்னிரண்டு மணிநேரம் ராக்ஸி ஓடிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் மாமா. டொலார்ட்-டெ-ஓர்மோவில் முருகன் கோயில் பூசை முடிந்து, பின் சீற்றில் பேரப்பிள்ளையை இருத்திக்கொண்டு வரும் அம்மம்மாவும் அம்மப்பாவும்.

அவர்களின் கண் உங்கள் கண் இல்லை. 20 வயதுக்காரரின் விழித்திரையில் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு மங்கலாகி, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கும். அதனால்தான் உங்களுக்கு ஒரு புள்ளியாகத் தெரியும் லைற் அவர்களுக்கு ஒரு பெரிய வெள்ளைப் பந்தாகத் தெரிகிறது. நீல வெளிச்சம் இன்னும் மோசம். எங்கள் வீடுகளில் சலரோகம் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. அது கண்ணை என்ன செய்யும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கற்றராக் ஒப்பரேஷனுக்குத் திகதி வாங்கிவிட்டுக் காத்திருக்கும் ஒருவரின் முகத்தில் நீங்கள் 6000 கெல்வின் வெள்ளையை அடிக்கிறீர்கள்.

அடித்து முடித்து நீங்கள் போய்விடுவீர்கள். அவருக்குப் பார்வை திரும்பச் சில செக்கன்கள் எடுக்கும். சிற்றிக்குள் 50 கிலோமீற்றர் வேகம் என்றாலும் மூன்று செக்கனில் கார் 40 மீற்றருக்கு மேல் போய்விடும். அந்த 40 மீற்றரில் ஜோன்-தலோனில் கறுப்பு ஜக்கெற் போட்டுக்கொண்டு றோட்டைக் கடக்கும் யாராவது இருந்தால், பிழை அவர் தலையில்தான் விழும். உங்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. எனக்குக் கோபம் வருவது இதில்தான். இது யாரும் பிடிபடாத குற்றம்.

"பெட்டியில டொட் அனுமதி எண்டு போட்டிருக்கு"

போட்டிருக்கும். டொட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம். அந்தத் திணைக்களம் எந்த ஹெட்லைற்றையும் பரிசோதித்து அனுமதி கொடுப்பதில்லை. தன் பொருள் விதிக்குப் பொருந்துகிறது என்று தயாரிப்பாளர் தானே உறுதி சொல்லி அந்த எழுத்தைப் பதிக்க வேண்டும். கனடாவிலும் இதே முறைதான். ஆகவே "டொட் அனுமதி பெற்றது" என்ற வசனமே பொய். அதே பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு எழுத்தில் "றோட்டுக்கு வெளியே பாவிக்க மட்டும்" என்று இருக்கலாம். வக்கீலுக்காக எழுதிய வசனம் அது. உங்களுக்கு விற்றதே றோட்டில் ஓடத்தான் என்பது விற்றவனுக்கும் தெரியும்.

எல்ஈடி மாற்றுப் பல்பை ஒழுங்காகச் செய்ய முடியாதா? முடியும், ஜேர்மனியைப் பாருங்கள். 2020 ஒக்ரோபரில் ஒஸ்ராம் நிறுவனம் அங்கே முதன்முதலாகச் சட்டப்படி றோட்டில் பாவிக்கக்கூடிய எச்7 எல்ஈடி மாற்றுப் பல்பைக் கொண்டுவந்தது. எல்லாக் காருக்கும் இல்லை. எந்த மொடல், எந்த ஹெட்லைற் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, பொருந்தியவற்றுக்கு மட்டும் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் கார் இல்லை என்றால் மாட்டக்கூடாது. பல்ப் செய்வதில் பெயர்போன நிறுவனமே காருக்குக் கார் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது என்றால், "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று பெயர் தெரியாத ஒரு கொம்பனி சொல்வதை நம்ப உங்களுக்கு என்ன வந்தது?

போன குளிர்காலத்துக்கு முன் ஒரு கராஜில் எனக்கும் இந்தப் பெட்டியை நீட்டினார்கள். "தம்பி, இன்னும் ஹலோஜனோடயா ஓடுறீர்?" என்று ஒரு நக்கல். மாட்டிய பிறகு பீமைச் சுவரில் அடித்துச் சரிபார்த்துத் தருவீர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். பல்ப் விற்கத் தெரிந்தவருக்கு பீம் பார்க்கத் தெரியாவிட்டால் அவர் விற்பது பல்ப் இல்லை, பிரச்சினை.

"புதுக் கார் எல்லாம் இப்பிடித்தானே வருது"

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உயரமான எஸ்யூவிகளும் பிக்கப்களும் பொருத்தி வரும் எல்ஈடியே பல இரவுகளில் கண்ணைக் குத்துகிறது. லைற் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சின்னக் காரில் இருக்கிறவருக்குக் கஷ்டம். எதிரே கார் வரும் பகுதியை மட்டும் தானாக மறைக்கும் லைற்றைக் கனடா 2018இல் அனுமதித்தது, அமெரிக்கா 2022இல். ஐரோப்பாவில் அது அதற்கு எவ்வளவோ முன்பே ஓடியது. இங்கே இன்னும் பெரும்பாலான கார்களில் இல்லை. இதற்காகக் கார்க் கொம்பனிகளையும் ட்ரான்ஸ்போர்ட் கனடாவையும் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பாட்டைச் சத்தமாகப் போடுகிறான் என்று நீங்களும் சத்தமாகப் போட்டால் தெருவில் யார் நித்திரை கொள்வது? அவன் கண்ணைக் குத்தினால் நானும் குத்துவேன் என்று தொடங்கினால், இருட்டு றோட்டில் எல்லோருமே குருடராக ஓட வேண்டியதுதான். தொழிற்சாலையில் பொருத்திய எல்ஈடிக்கு அதற்கென்றே செய்த கிண்ணமும் கோடும் இருக்கின்றன. உங்கள் பல்புக்கு அதுவும் இல்லை.

நல்ல லைற் உயிரைக் காக்கும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2016இல் 31 நடுத்தரக் கார்களின் ஹெட்லைற்றைச் சோதித்தபோது ஒரே ஒன்றுக்குத்தான் "நல்லது" என்ற தரம் கிடைத்தது. 2021இல் அதே நிறுவனம், "நல்லது" தரம் பெற்ற லைற் உள்ள வாகனங்கள் இரவில் தனியே மோதுகிற விபத்து, "மோசம்" தரம் உள்ளவற்றை விட 19 சதவீதம் குறைவு என்று காட்டியது. கவனியுங்கள்: அந்தச் சோதனையில் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைத்தால் புள்ளி குறையும். அங்கே நல்ல லைற் என்றால் தூரத்துக்குப் போகிற, மற்றவரைக் குருடாக்காத லைற்.

"என்னைப் பொலிஸ் ஒருநாளும் மறிக்கேல்லை"

மறிக்காததற்குக் காரணம் நீங்கள் நல்லவர் என்பது இல்லை. கியூபெக்கில் சாதாரணக் காருக்கு வருடாந்தப் பரிசோதனை இல்லை. டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம், அதை எல்லோரும் மாற்றுகிறோம். ஹெட்லைற்றை யாரும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பதில்லை. பொலிஸ் மறித்தாலும் பல நேரம் 48 மணி நேரத்துக்குள் திருத்தச் சொல்லித் துண்டு கொடுப்பார்கள். பழைய பல்பை மாட்டிக் காட்டிவிட்டு அடுத்த நாள் எல்ஈடியைத் திரும்பப் போடுவதைக் கெட்டித்தனமாகச் சொல்லிச் சிரிக்கிற பெடியள் இருக்கிறார்கள்.

சட்டத்தின் மனம் என்ன என்பது தெளிவு. எதிரே வாகனம் 150 மீற்றருக்குள் வந்தால் ஹை பீமை இறக்க வேண்டும் என்று கியூபெக் வீதிப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஒருவரின் கண்ணைக் கூச வைக்கக்கூடாது என்பதற்குத்தான் அது. உங்கள் லோ பீமே ஹை பீம் மாதிரி அடித்தால் நீங்கள் எதை இறக்குவீர்கள்?

இன்னொரு கதையும் கேட்டிருக்கிறேன்: "ஆருக்கும் காயம் வந்தா எஸ்.ஏ.ஏ.கியூ பாக்கும்." உண்மை, 1978 தொடக்கம் கியூபெக்கில் வீதி விபத்தில் காயப்பட்டவருக்கு, யாரில் பிழை என்று பார்க்காமல் அரசாங்கமே நட்டஈடு கொடுக்கிறது. அது நல்ல ஏற்பாடு. யாரில் பிழை என்று பார்க்க மாட்டோம் என்றால் யாரிலும் பிழை இல்லை என்று அர்த்தம் வராது.

ஊரிலும் இது புதுக் கதை இல்லை. தமிழ்நாட்டில் ஹெட்லைற்றின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். போக்குவரத்துப் பொலிஸே வண்டிகளை நிறுத்தி ஒட்டி விடுவதுண்டு. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்ற மலிவாக ஒரு வழி. இலங்கையில் 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் அனுமதியில்லாமல் பூட்டிய மேலதிக லைற், ஹோர்ன் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியபோது சாரதிச் சங்கங்கள் எதிர்த்தன. அந்தச் செய்தியைப் பார்த்து "ஊர்ச் சனம் திருந்தாது" என்று இங்கே சிரித்தவர்கள், தங்கள் காரின் முன்பக்கத்தையும் ஒருக்கால் போய்ப் பார்க்கலாம்.

சரி, வெளிச்சத்துக்கு என்ன வழி?

திட்டிவிட்டுப் போக மாட்டேன். பழைய காரில் வெளிச்சம் குறைந்ததற்குப் பெரும்பாலும் பல்ப் காரணமே இல்லை.

முதலில் மூடியைப் பாருங்கள். பொலிகாபனேற் பிளாஸ்ரிக் வெயிலில் மஞ்சளாகும். அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2018இல் செய்த சோதனையில், மங்கிய பழைய ஹெட்லைற் லோ பீமில் புதியதன் வெளிச்சத்தில் 22 சதவீதத்தைத்தான் கொடுத்தது. கடையில் விற்கும் பொலிஷ் பெட்டியை வாங்கித் தேய்த்தாலே ஏறக்குறைய 70 சதவீதம் வரை திரும்புகிறது. இருபது, முப்பது டொலரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். கடைசியில் அந்த யூவி பூச்சைப் பூசாமல் விடாதீர்கள், இல்லாவிட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். மூடி உள்ளே வெடித்துப்போயிருந்தால் முழு ஹெட்லைற்றையும் மாற்றுங்கள். கார்க் கொம்பனியின் அசல் பாகம் விலை கூடத்தான், ஆனால் அதில் வெளிச்சம் முழுசாகத் திரும்பும். உங்கள் மொடலிலேயே எல்ஈடியோடு வந்த உயர்ந்த வகைக்குரிய அசல் ஹெட்லைற்றை முழுசாகப் பொருத்த முடியுமென்றால், வயரிங் தெரிந்தவரிடம் செய்வியுங்கள். அதற்கு அப்கிரேட் என்று பெயர் வைத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

இரண்டாவது, நல்ல ஹலோஜன் பல்ப். பெயருள்ள கொம்பனியின் பல்பைச் சோடியாக மாற்றுங்கள். நீலப் பூச்சுப் பூசிய பல்ப் வேண்டாம். பூச்சு வெளிச்சத்தைத் தின்றுவிட்டு நிறத்தை மட்டும் தரும். கூட வெளிச்சம் தரும் ஹலோஜன் சீக்கிரம் எரிந்துபோகும் என்பதையும் தெரிந்து வாங்குங்கள்.

மூன்றாவது, வயர். ஹலோஜனுக்குப் போகும் வோல்ற் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். உப்பில் ஓடிய பழைய காரில் கனெக்டரும் எர்த் வயரும் கறள் பிடித்திருக்கும். ஒரு நல்ல மெக்கானிக்கிடம் பல்பின் அடியில் வோல்ற்றை அளக்கச் சொல்லுங்கள்.

நாலாவது, காசே செலவில்லாதது: லைற் எங்கே பார்க்கிறது என்று சரிபார்ப்பது. சமதரையில் ஒரு சுவருக்கு முன்னால் 25 அடி தள்ளிக் காரை நிறுத்துங்கள். ரயர்க் காற்றுச் சரியாக இருக்க வேண்டும், சாரதி சீற்றில் ஒருவர் இருக்க வேண்டும், டிக்கியில் பாரம் கூடாது. ஹெட்லைற்றின் நடுப்புள்ளி நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ரேப் ஒட்டுங்கள். லோ பீமைப் போடுங்கள். மூடியில் வீ-ஓ-ஆர் என்று பதித்திருந்தால் வலப்பக்கக் கோடு ரேப்பின் உயரத்தில் நிற்க வேண்டும். வீ-ஓ-எல் என்றால் இடப்பக்கக் கோடு ரேப்புக்கு ஏறக்குறைய 2 அங்குலம் கீழே. உங்கள் காரின் கைநூல் வேறு அளவு சொன்னால் கைநூலைக் கேளுங்கள். பொனற்றுக்குக் கீழே திருகாணி இருக்கும், ஸ்குரூட்றைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

ரொறொன்ரோவுக்குப் போகும்போது டிக்கி நிறையச் சாமானும் பின் சீற்றில் மூன்று பேரும் இருந்தால் பின்பக்கம் தாழ்ந்து லைற் மேலே தூக்கும். ஐரோப்பியக் கார்களில் அதைத் தாழ்த்த உள்ளே ஒரு சிறு சக்கரம் இருக்கும், இங்கே பெரும்பாலும் இல்லை. பாரமானவற்றை முன்பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

கடைசியாக, ஹை பீமைப் பாவியுங்கள். இருட்டான 401இல் யாரும் இல்லாதபோது அதைப் போடவும், ஆள் வரும்போது இறக்கவும்தான் அந்தத் தடி இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் அதைத் தொடாமல் ஓடிவிட்டு, "வெளிச்சம் காணாது" என்று கடைக்குப் போகிறார்கள்.

தமிழ்ச் சங்கங்களும் பல்கலைக்கழக மாணவர் மன்றங்களும் ஐப்பசியில் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஒரு கார் தரிப்பிடம், ஒரு சுவர், ஒரு ரேப், இரண்டு ஸ்குரூட்றைவர். ரயர் மாற்றுகிற காலத்தோடு சேர்த்து அப்பா, அம்மா, மாமாமாரின் கார்களையும் வரிசையில் விட்டுப் பார்க்கலாம். யாராவது தொடங்கினால் சொல்லுங்கள், என்னுடைய ரேப்போடு நான் வருகிறேன். அதற்கு முன், இன்றிரவே உங்கள் பொனற்றைத் திறந்து பாருங்கள். உள்ளே குட்டி விசிறி சுற்றுகிற பல்ப் இருந்தால், என்ன செய்ய வேண்டும் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறேன்.